முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட ஆடும் ராஜம்மாவின் பாலி மாடுகளும்

என் பெயர் ஷர்மினி த/பெ அர்ச்சுனன். வயது இருபத்தொன்பது. முகவரி எண் 14, ஜாலான் கெனாங்கா 3, தாமான் ஸ்ரீ கெனாங்கா, குளுவாங், ஜோகூர். கணக்கியலில் பட்டம் பெற்றிருக்கிறேன். பத்து பாகாட்டில் ஒரு துணி ஆலையின் அலுவலகத்தில் வேலை பார்த்து, குழந்தை பிறந்த பிறகு நின்றுவிட்டேன். கணவர் ரூபேந்திரன் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். வாரக் கடைசியில் மட்டும் வீட்டுக்கு வருவார். எங்களுக்கு ஒரே மகள், பெயர் லோஷினி, வயது இரண்டரை.

தெராதாய் தோட்டத்தில் ராஜம்மா என்பவரின் மாடுகள் இறந்த வழக்கில் நான் ஏற்கனவே ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். அது மலாய் மொழியில் பதிவானது. இது இரண்டாவது. என் விருப்பத்தின் பேரில், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் கொடுக்கிறேன். போலீஸ் நிலையத்தில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு எழுத முடியாததால், வீட்டில் எழுதிக் கொண்டுவந்து தன் முன்னிலையில் கையெழுத்திடலாம் என்று சார்ஜன் ஐயாத்துரை அனுமதித்தார். குழந்தை தூங்கும்போது எழுதியதால் சில இடங்களில் எழுத்து மாறியிருக்கும். எல்லாம் என் கையெழுத்துதான். தமிழில் எழுதுவதற்கான காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

ராஜம்மா என் தகப்பனாரின் ஒன்றுவிட்ட தங்கை. நான் அவரை அத்தை என்று கூப்பிடுவேன். எங்கள் தாமானின், அதாவது குடியிருப்பின், பின்பக்க வேலியைத் தாண்டினால் அவருடைய வீடும் மாட்டுக் கொட்டகையும் இருக்கின்றன. அவர் கணவர் தோட்டத்தில் வேலை செய்து இறந்தவர். எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்குக் கீழே புல் மண்டாமல் இருக்க அத்தையின் மாடுகளை மேயவிடத் தோட்ட நிர்வாகம் அனுமதித்திருந்தது. அவரிடம் மூன்று கறவை மாடுகளும் ஒன்பது பாலி மாடுகளும் இருந்தன. பாலி மாடு என்பது இந்தோனேசிய இனம். செம்பழுப்பு நிறம், நான்கு கால்களிலும் முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டது போல இருக்கும். அத்தை அவற்றைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்பார்.

இந்த வருடத் தொடக்கத்தில் லோஷினிக்குக் கடுமையான காய்ச்சல் வந்து வலிப்பு கண்டது. கணவர் ஊரில் இல்லை. நான் கார் ஓட்டினேன், அத்தை பின்னால் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வழியில் குழந்தையின் கண்கள் மேலே செருகிவிட்டன என்று அத்தை சொன்னார். அப்போது நான் சத்தமாக, முனியாண்டி, என் பிள்ளையைக் கொடுத்துவிடு, உனக்குக் கிடா கொடுக்கிறேன் என்று வேண்டினேன். அதற்கு முன்பு நான் எந்தக் கோயிலுக்கும் எதையும் நேர்ந்ததில்லை. மருத்துவமனையில் சேர்த்த பிறகு குழந்தை தெளிந்தது. சின்னப் பிள்ளைகளுக்குக் காய்ச்சலோடு வருவதுதான், பயப்பட ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொன்னார். நான் பயப்படுவதை நிறுத்தவில்லை.

கணவரிடம் தொலைபேசியில் சொன்னபோது அவர் சிரித்தார். "மருந்து குடுத்தது டாக்டரு, கிடா மட்டும் முனியாண்டிக்கா? சரி சரி, எனக்கு ஒரு தொடை எடுத்து வை" என்றார். அத்தை சிரிக்கவில்லை. வாயால் சொன்னதைச் செய்துவிட வேண்டும் என்றார்.

தோட்டத்து முனியாண்டி கோயிலில் வெட்டுகிற அன்று காலையில் கிடா வாங்கிக் கொண்டுபோய்க் கொடுக்கும் வழக்கம் இல்லை. திருவிழாவுக்குப் பல மாதம் முன்பே வாங்கி, மஞ்சள் தண்ணீர் ஊற்றி, கழுத்தில் மஞ்சள் துணி கட்டி விட்டுவிட வேண்டும். அதன் பிறகு அதைக் கட்டிப் போடக் கூடாது, விரட்டக் கூடாது, விற்கக் கூடாது. எங்கே வாய் வைத்தாலும் வைக்கவிட வேண்டும். அது சாமியுடையது.

ஆயர் ஈத்தாம் போகும் சாலையில் ஒரு மலாய்க்காரர் ஆட்டுப் பண்ணை வைத்திருக்கிறார். வெள்ளாட்டுக் கிடா வாங்கத்தான் போனேன். வெள்ளாடுகள் முட்டிக்கொண்டு வந்ததில் லோஷினி பயந்து அழுதாள். அடுத்த அடைப்பில் செம்மறிகள் இருந்தன. அதில் ஒரு கிடாக்குட்டி, ஆறேழு மாதம் இருக்கும், பலகை இடுக்கு வழியாக மூக்கை நீட்டி அவள் கையை முகர்ந்தது. மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். நான் அதையே வாங்கினேன். செம்மறி கொடுக்கலாமா என்று பூசாரி தங்கராஜுவிடம் கேட்டேன். தாராளமாகக் கொடுக்கலாம் என்றார்.

தாமானில் ஆடு வளர்க்க முடியாது என்பதால் அத்தை தன் கொட்டகையில் விடச் சொன்னார். மஞ்சள் துணி கட்டியபின் அது இஷ்டத்துக்குத் திரிந்தது. மாடுகளுக்குத் தொட்டியில் தீவனம் போட்டால் அதுதான் முதலில் வாய் வைக்கும். சாமியுடையது என்பதால் அத்தை அது தின்று முடியும் வரை மாடுகளைத் தடுத்து நிறுத்துவார். அதன் பிறகு அது எச்சில் படுத்திய அதே தொட்டியில் பாலி மாடுகள் தின்னும். உப்புக் கட்டியையும் ஒன்றாகவே நக்கும். நானும் லோஷினியும் தினமும் மாலையில் போய்ப் பார்ப்போம். அவள் அதற்கு மேமே என்று பெயர் வைத்தாள். ஆடு ஒருநாளும் நோயாகப் படுத்ததில்லை, கொழுகொழுவென்று வளர்ந்தது. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், அதன் மேல் யாருக்கும் சந்தேகம் வராததற்கு இது ஒரு காரணம்.

ஆடு வந்து ஒன்றரை மாதம் போல ஆனபிறகு ஒரு பாலி மாட்டுக்குக் காய்ச்சல் கண்டது. மூக்கிலும் கண்ணிலும் சளியாக ஒழுகியது, வாய் புண்ணாகி எச்சில் வடிந்தது, தீவனத்தைத் தொடவில்லை. அதன் பிறகு கண்ணின் விளிம்பிலிருந்து வெண்மை ஏறி, கண் முழுவதும் பால் ஊற்றியது போல ஆனது. சில நாளில் செத்தது. தோட்டத்தில் மருந்து அடிக்கும் வேலை செய்கிற வீரமுத்து அண்ணன் வந்து குழி தோண்டிப் புதைக்க உதவினார். அதன் பிறகு இன்னொன்று, அதன் பிறகு இன்னொன்று. கறவை மாடுகள் மூன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மூன்றாவது மாட்டைப் புதைத்த பிறகு கால்நடைத் துறையிலிருந்து ஒரு மலாய் இளைஞர் வந்தார். புதைத்துவிட்டதால் அவரால் மாதிரி எடுக்க முடியவில்லை. அத்தைக்கு மலாய் சரளமாக வராது என்பதால் நான்தான் பக்கத்தில் நின்று பேசினேன். மாட்டைத் தவிர வேறு கால்நடை ஏதாவது வளர்க்கிறீர்களா என்று அவர் கேட்டார். நான் அத்தையிடம் தமிழில் கேட்டேன். அத்தை, "இல்லம்மா, மாடு மட்டுந்தான்" என்றார். நான் இல்லை என்று மலாயில் சொன்னேன். அந்த நேரத்தில் ஆடு கொட்டகையில் இல்லை, செம்பனைப் பக்கம் மேயப் போயிருந்தது.

அத்தை பொய் சொல்லவில்லை. நேர்ந்துவிட்டதை எங்கள் ஆட்கள் யாரும் தன் உடைமையோடு சேர்த்து எண்ணமாட்டார்கள். கேள்வியை நேராகப் புரிந்துகொண்டவள் நான். ஆடு என் நினைவுக்கு வரவே இல்லையா, அல்லது வந்தும், சொன்னால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள், நேர்த்திக்கடன் தவறிவிடும், பிள்ளைக்கு மறுபடியும் வலிப்பு வரும் என்று வாயை மூடிக்கொண்டேனா என்பதைப் பல நாளாக யோசித்துப் பார்க்கிறேன். என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அடுத்த மாடு படுத்தால் உடனே கூப்பிடுங்கள் என்று அந்த இளைஞர் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த மாடு படுத்தபோது நாங்கள் அவரைக் கூப்பிடவில்லை. அதற்குள் தோட்டத்தில் விஷம் என்ற பேச்சு கிளம்பிவிட்டது. யாரோ கறவை மாட்டை விட்டுவிட்டுப் பாலி மாட்டை மட்டும் பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறான் என்றார்கள். நான்காவதும் ஐந்தாவதும் அடுத்தடுத்துச் செத்தன. அத்தையின் மகன் செல்வா பத்து பாகாட்டிலிருந்து வந்து போலீஸில் புகார் கொடுத்தார். அவர் என் வீட்டு வாசலில் நின்று, "நீதான் தினம் அங்க போற. மலாய் நல்லாப் பேசுவ. பார்த்ததைச் சொல்லு, போதும்" என்றார்.

நான் பார்த்ததைச் சொன்னேன். முதல் வாக்குமூலத்தில் உள்ளபடி, இளம் செம்பனைக் கன்றுகளை மாடுகள் மிதித்தது தொடர்பாக வீரமுத்து அண்ணன் அத்தையோடு சத்தம் போட்டதைக் கேட்டிருக்கிறேன். முதல் மாடு நோயுறுவதற்குச் சில நாள் முன்பு, அவர் மருந்துத் தொட்டியை முதுகிலிருந்து இறக்கி, கொட்டகைக்குப் பக்கத்துக் குழாயில் கழுவியதையும், வெள்ளையாகத் தண்ணீர் ஓடியதையும் பார்த்தேன். இரண்டும் உண்மை.

முதல் வாக்குமூலத்தில் சொல்லாமல் விட்டவை பின்வருமாறு. தோட்டத் தொழிலாளர் வீடுகளான அந்த வரிசை லயத்துக்கு அது ஒன்றுதான் குழாய். அவர் அங்கே தொட்டி கழுவுவதை நான் அதற்கு முன்பும் பல தடவை பார்த்திருக்கிறேன். கழுவிய தண்ணீர் வாய்க்காலில்தான் ஓடும், மாட்டுத் தொட்டிக்குப் போகாது. மருந்து அடிப்பதற்கு முன்பு வேலிப் பக்கம் வந்து, "அக்கோவ், மாட்டைத் திருப்புங்க, இன்னைக்கு அடிக்கிறோம்" என்று அவர் கூவுவது என் சமையலறை வரை கேட்கும். முதல் மாட்டுக்குக் குழி தோண்டியவர் அவர். மாடுகளின் கண்கள் வெள்ளையானதையும் நான் சொல்லவில்லை. என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்லியிருக்கலாம்.

ஏன் சொல்லவில்லை என்று சார்ஜன் கேட்டதால் எழுதுகிறேன். என் பிள்ளை தினமும் அந்த மாடுகளைத் தொட்டு விளையாடினாள். நோய் என்றால் அவளுக்கும் வந்துவிடலாம். ஒரு மனிதன் வைத்த விஷம் என்றால், அந்த மனிதனைப் பிடித்துவிட்டால் முடிந்தது. அது மனிதனாக இருப்பது எனக்கு நிம்மதியாக இருந்தது.

வீரமுத்து அண்ணனைப் பிடித்து லாக்கப்பில் வைத்தார்கள். அவர் உள்ளே இருக்கும்போதே ஆறாவது மாடும் அதே போல் மூக்கு ஒழுகி, கண் வெளுத்து, செத்தது. மெதுவாக வேலை செய்கிற விஷம் என்று சனங்கள் சொன்னார்கள். எனக்கு அப்போதே இடித்தது. நான் யாரிடமும் பேசவில்லை. அதன் பிறகு அவர் ஜாமீனில் வந்தார். தோட்ட நிர்வாகம் அவரை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்தி, லயத்து வீட்டைக் காலி செய்யும்படி சொல்லியிருக்கிறது.

குளுவாங் மார்க்கெட்டில் அவர் மனைவி பிரேமலாவைப் பார்த்தேன். ஒதுங்கிப் போகப் பார்த்தேன். அவரே என் முன்னால் வந்து நின்று, "நீங்க படிச்சவங்க, நீங்க சொன்னா எடுபடுது. எங்க வீட்டுக்காரர் சொல்றது எடுபட மாட்டேங்குது" என்றார். கத்தவில்லை. அதைச் சொல்லிவிட்டு, லோஷினி கையிலிருந்து கீழே விழுந்த பிஸ்கட் பொட்டலத்தை எடுத்து அவள் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார்.

ஏழாவது மாடு படுத்தபோது அத்தையே கால்நடைத் துறைக்குப் போன் போடச் சொன்னார். இந்தத் தடவை யாழ்ப்பாணத் தமிழ் பேசும் டாக்டர் சுபத்திரா என்ற அம்மையார் வந்தார். மாட்டுக்கு உயிர் இருந்தது. அவர் கண்ணைப் பார்த்தார், வாயைத் திறந்து பார்த்தார், கழுத்தைத் தடவிப் பார்த்தார், இரத்தம் எடுத்தார். எடுத்துக்கொண்டிருக்கும்போது ஆடு உள்ளே வந்து, வழக்கம்போலத் தொட்டியில் வாய் வைத்தது. அவர் நிமிர்ந்து அதைப் பார்த்தார். அதன் பிறகு நடந்த பேச்சு எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"இது ஆற்றை ஆடு?" என்றார். யாருடைய ஆடு என்று கேட்கிறார்.

"அது சாமியோடது" என்றார் அத்தை.

"சாமி எப்ப கொண்டுவந்து விட்டவர்?"

அத்தை என்னைப் பார்த்தார். நான்தான் விட்டேன், நான்கு மாதம் ஆகிறது என்று சொன்னேன். வேறு கால்நடை இல்லை என்று முதலில் வந்தவர் எழுதிவைத்திருக்கிறாரே என்று டாக்டர் கேட்டார்.

டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு விளக்கினார். செம்மறி ஆட்டின் உடம்பில் ஒரு வைரஸ் இருக்கும். அது ஆட்டை ஒன்றும் செய்யாது, ஆயுள் முழுவதும் கூடவே இருக்கும். ஆறேழு மாதக் குட்டிப் பருவத்தில் மூக்குச் சளி வழியாக நிறைய வெளியே வரும். கறவை மாடுகள் பெரும்பாலும் அதைத் தாங்கிக்கொள்ளும். பாலி மாட்டினால் முடியாது. உள்ளே போய்ப் பல வாரம் கழித்துத்தான் காய்ச்சலே காட்டும். காட்டிய பிறகு மருந்து கிடையாது. அதனால் பாலி மாடு இருக்கிற இடத்தில் செம்மறியைச் சேர்க்கவே கூடாது என்றார்.

நான் கேட்ட முதல் கேள்வி, மனிதருக்கு வருமா என்பது. அத்தையின் மாடு எங்கள் முன்னால் தலையைத் தரையில் வைத்துப் படுத்திருந்தது. அவர், "இல்லைப் பிள்ளை, மனுசருக்கு வராது, பயப்படாதீங்கோ" என்றார். அதன் பிறகுதான் மாட்டைப் பற்றிக் கேட்டேன். ஒரு மாட்டிலிருந்து இன்னொன்றுக்குப் பரவியதா என்று கேட்டதற்கு, மாட்டிலிருந்து மாட்டுக்கு இது போகாது, ஒவ்வொன்றும் தனித்தனியாக ஆட்டிடமிருந்தே வாங்கியிருக்கும் என்றார். முதலில் வந்தவரிடம் ஆடு இருக்கிறது என்று சொல்லியிருந்தால் பின்னால் செத்தவற்றில் எத்தனை பிழைத்திருக்கும் என்று கேட்டேன். சில அதற்கு முன்பே வாங்கியிருக்கலாம், அதைத் தன்னால் சொல்ல முடியாது என்றார்.

ஏழாவது மாடு செத்தது. இரண்டு பாலி மாடுகள் மீதி இருக்கின்றன. பரிசோதனையில் அந்த வைரஸ் இருப்பதாகவும் விஷம் எதுவும் இல்லை என்றும் வந்தது. ஆனால் பரிசோதித்தது ஒரு மாட்டைத்தான் என்றும், புதைத்துவிட்ட ஆறு மாடுகளைப் பொறுத்தவரை என் முதல் வாக்குமூலம் அப்படியே நிற்கிறது என்றும், அதை வைத்து வீரமுத்து அண்ணன் மேல் குற்றம் சாட்டப்படலாம் என்றும் விசாரணை அதிகாரி சொன்னார். அதனால் இதை எழுதுகிறேன். ஆறு மாடுகளும் ஏழாவது மாட்டைப் போலவே நோயுற்று, கண் வெளுத்துச் செத்தன. நான் என் கண்ணால் பார்த்தேன். கணவருக்கு அனுப்புவதற்காகத் தினமும் குழந்தையைப் படம் எடுப்பேன். அவற்றில் சிலவற்றில் லோஷினிக்குப் பின்னால் நிற்கும் மாடுகளின் கண்கள் வெள்ளையாகத் தெரிகின்றன. ஒன்றில் ஆடும் பாலி மாடும் ஒரே தொட்டியில் வாய் வைத்திருக்கின்றன. கைப்பேசியை ஒப்படைக்கிறேன்.

ஆட்டை இப்போது கோயில் வளாகத்தில் விட்டிருக்கிறோம். லோஷினி மேமே எங்கே என்று கேட்கிறாள். செல்வா என்னோடு பேசுவதில்லை. அத்தை ஒரு வார்த்தை ஏசவில்லை. புகாரை மீட்டுக்கொள்கிறீர்களா என்று சார்ஜன் கேட்டபோது, மீட்டுக்கொள்கிறேன் என்று கைநாட்டு வைத்தார். காலையில் இன்றும் பால் போத்தலை என் வீட்டு கேட்டில் மாட்டிவிட்டுப் போகிறார். முன்பெல்லாம் ஷர்மினி என்று கூப்பிட்டு, குழந்தை எழுந்துவிட்டாளா என்று கேட்டுவிட்டுப் போவார். இப்போது கூப்பிடுவதில்லை.

பரிசோதனை முடிவு வந்த பிறகு நான் வீரமுத்து அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் சாமான்களை அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே ஒரு பெட்டியை நாடாவால் ஒட்டி முடித்தார். "அப்ப ஆட்டைப் பிடிச்சு உள்ள வச்சிட்டாங்களா தங்கச்சி?" என்றார். சிரிக்கவில்லை. பிரேமலா உள்ளே இருந்தார், வெளியே வரவில்லை. நிலையத்தில் போய்ச் சொல்கிறேன் அண்ணே, எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். அதற்கு அவர், "அன்னைக்கு நீங்க சொன்னதை மலாய்ல வேகமா வாசிச்சாங்க. எனக்கு என் பேரும் ராச்சுனும் மட்டுந்தான் புரிஞ்சது. இந்தத் தடவை எனக்குப் புரியற மாதிரி எழுதுங்க" என்றார். ராச்சுன் என்றால் மலாயில் விஷம். அவர் தோட்டத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். நான் தமிழில் எழுதியதற்கு இதுதான் காரணம். மொழிபெயர்ப்பாளரிடம் கொடுப்பதற்கு முன்பு இதை அவரிடம் கொடுத்து, அவர் தாமாகப் படித்து முடிக்கும் வரை காத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

வீரமுத்து அண்ணன் மாடுகளுக்கு எதையும் வைத்து நான் பார்க்கவில்லை. அவர் வைத்தார் என்று நினைத்தேன். நினைத்ததைப் பார்த்தது போலக் கேட்கும்படி சொன்னேன்.

இதில் எழுதியிருப்பவை யாவும் நான் நேரில் கண்டவையும், கேட்டவையும், செய்தவையும். எனக்குத் தெரிந்தவரை எல்லாம் உண்மை. திரும்பப் படித்துப் பார்த்தே கையெழுத்திடுகிறேன். முதல் வாக்குமூலத்தின் அடியிலும் இதே வார்த்தைகளுக்குக் கீழேதான் கையெழுத்திட்டேன் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

(ஒப்பம்)
ஷர்மினி த/பெ அர்ச்சுனன்

என் முன்னிலையில் கையெழுத்திடப்பட்டது:
சார்ஜன் ஐயாத்துரை